நடு ஆள் சொன்ன காற்று

காலை ஆறே காலுக்குக் காதில் மாட்டிய மணியில் செய்தி வந்தபோது நான் காபி வடிகட்டிக்கொண்டிருந்தேன். "தமயந்தி, வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். இன்று மாலை கரையைக் கடக்கிறது. மழை மிகக் கடுமை. தரையில் இருப்பதையெல்லாம் உயரத்தில் தூக்கி வை." அதே நொடியில், உள்ளே பல் துலக்கிக்கொண்டிருந்த என் கணவர் செல்வகணபதிக்கும் ஏதோ வந்திருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்று, கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தது. வெளியே வந்தவர் குடையைத் தேடி எடுத்து வாசலில் மாட்டிவிட்டு, காபிக்குக் கை நீட்டினார். நான் மேசைமேல் நாற்காலி போட்டு, அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரே வீடு, ஒரே கூரை. அவருக்குக் குடை, எனக்குப் பரண். அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று நான் கேட்கவில்லை, எனக்கு என்ன வந்தது என்று அவரும் கேட்கவில்லை. கணவன் மனைவியாக இருந்தாலும் அடுத்தவர் வானிலையைக் கேட்பது எங்கள் காலத்தில் அநாகரிகம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்து வளர்த்துவிட்டார்கள்.

அந்தப் பருவத்தில் அது பதினோராவது தாழ்வு மண்டலம். ஐப்பசி பிறந்தால் தை முடியும்வரை கடல் சும்மா இருப்பதில்லை, வாரத்துக்கு ஒன்றை உருட்டித் தள்ளுகிறது. புயல் என்றால் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள், படம் போடுவார்கள், ஜனங்கள் கொஞ்சமாவது மதிப்பார்கள். தாழ்வு மண்டலத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாத ஒன்றுக்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கடலூர் வட்டாரத்தில் கடந்த முப்பது வருடங்களில் ஆளைக் கொன்றதெல்லாம் பெரும்பாலும் பெயர் இல்லாததுதான். புயல் வரும், அடிக்கும், போய்விடும். தாழ்வு மண்டலம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு இதெல்லாம் மனப்பாடம். என் வேலையே அதுதான். வளிமண்டல அறிவிப்பு ஆணையத்தின் கடலூர்க் கிளையில் நான் சொற்பதநர். காதுகளுக்குப் போகும் எச்சரிக்கைகளில் சொல் பதமாக இருக்கிறதா என்று பார்க்கிறவள். அனுப்புவது செவிலி. அரசாங்கம் அந்தப் பொறிக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குத் தக்கபடி கொஞ்சியும் மிரட்டியும் மருந்து கொடுப்பதால் ஜனங்கள் செவிலி என்றே வைத்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் எல்லாருக்கும் ஒரே அறிவிப்பு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் காட்டுவார்கள். அறுபத்தெட்டாம் வருடம் ஒன்பது முறை சிவப்பு காட்டி ஒன்பது முறையும் தூறலோடு போய்விட்டது. பத்தாவது முறை யாரும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கார்த்திகையைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதன் பிறகுதான் தனிக்குறி வந்தது. ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தி. ஒருவர் எத்தனை எச்சரிக்கைகளை மதித்தார், எத்தனையைத் தூக்கி எறிந்தார் என்று பார்த்து அவருக்கு ஓர் எண். அதற்கு ஏற்பெண், அதாவது ஏற்கும் எண், என்று பெயர். ஏற்பெண் தொண்ணூறு இருக்கிறவர் சொன்னதைக் கேட்பவர்; பயந்து முன்னாலேயே ஓடிச் சாலையை அடைத்துவிடுவார் என்பதால் அவருக்குக் குறைத்துச் சொல்ல வேண்டும். ஏற்பெண் முப்பது இருக்கிறவர் முரடர். கூட்டிச் சொன்னால்தான் அசைவார். காற்று ஐம்பது என்றால் முன்னவருக்கு முப்பது, பின்னவருக்கு எண்பது. பொய்தான். அந்தப் பொய்யால் பத்தொன்பது வருடங்களாக உயிர்கள் பிழைத்திருக்கின்றன. நான் அதற்கு வெட்கப்பட்டது கிடையாது.

வெட்கப்படாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. எங்களுக்கு மட்டும் உண்மை தெரியும். ஆணையத்தின் திரைகளில் மட்டும் மூல எண் ஓடும். ஊரே ஆளுக்கொரு வானத்தின் கீழ் நடந்துகொண்டிருக்கும்போது, அசல் வானம் எங்கள் பன்னிரண்டு பேர் மேசையில் இருக்கிறது என்பது சின்னப் பெருமை இல்லை.

அன்று ஒன்பது மணிக்கு என் திரையில் இருந்த மூல எண்: காற்று மணிக்கு நாற்பத்தெட்டு கிலோமீட்டர். மழை முப்பத்தெட்டு சென்டிமீட்டர். நிலைகொள்வது முப்பது மணி நேரம். மூன்றாவது எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்தேன். மேலே அதைத் தள்ளிக்கொண்டு போகக் காற்றோட்டம் இல்லை. கரையேறிய இடத்திலேயே நின்று, கடலிலிருந்து உறிஞ்சியதையெல்லாம் நம் தலையில் கொட்டப் போகிறது.

பத்தரைக்கு அசைவுப் பலகையைப் பார்த்தேன். தாழ்வான ஊர்கள் நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றில் ஜனங்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் மட்டும் பூஜ்யம். நண்டுமேடு. சரியாகச் சொன்னால் மூன்றாம் நண்டுமேடு. முதல் இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. நான் பிறந்தது இரண்டாவதில். மூன்றாவதில் என் அண்ணன் குப்புராஜ் ஊர்த் தலைவனாக இருக்கிறான். அம்மா அப்பா இல்லாத எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

மேலதிகாரி ஜோதிலிங்கம் சாரிடம் போய் நின்றேன்.

"சார், நண்டுமேடு அசையவே இல்ல."

"அவங்க எப்பவும் அப்படித்தானேம்மா. செவிலி பாத்துக்கும்."

"முப்பது மணி நேரம் நிக்கப் போவுது சார். பின்னால உப்பங்கழி இருக்கு. ஆத்துத் தண்ணியும் சேர்ந்து வந்தா ஊரு தட்டு மாதிரி ரொம்பிடும்."

"வலுக்கட்டாயமா தூக்கிட்டு வர சட்டத்துல இடமில்ல. உங்களுக்கே தெரியும்." அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "உங்க ஊரு இல்ல அது? வேணும்னா லீவ் போட்டுட்டுப் போய்ட்டு வாங்களேன்."

இவ்வளவு சுலபமாக அவர் லீவ் கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு இருந்த பதற்றத்தில் அது உறைக்கவில்லை.

நண்டுமேட்டுக்கு மின்வண்டியில் நாற்பது நிமிடம். வழியெல்லாம் எதிர்த் திசையில் நீர்நிலப் பேருந்துகள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்தன. வானம் வெளுத்துப்போய் இருந்தது. காற்று வீசுவதும் நிற்பதுமாக எரிச்சலூட்டியது. நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ஆட்டாதே என்று சொல்லாமல் சொல்லி இரண்டு முறை முறைத்தார்.

ஊரில் நுழைந்தபோது தெருவில் ஆளே இல்லை. எல்லாரும் ஏலக்கூடத்துக்கு முன்னால் மணலில் நின்றுகொண்டிருந்தார்கள். நூற்றறுபது பேர் இருப்பார்கள், ஆணும் பெண்ணுமாக, வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே வரிசையில். எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் வரிசை நிற்கிறது.

இது நண்டுமேட்டுக்காரர்கள் தாங்களாகக் கண்டுபிடித்த வழி. வேறு எந்த ஊரிலும் இல்லை. மீன்பிடி ஊரில் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று ஆளாளுக்கு முடிவெடுக்க முடியாது. ஊர் ஒன்றாகப் போகும், ஒன்றாக நிற்கும். தனிக்குறி வந்ததும் அது கெட்டுப்போயிற்று. ஒருவன் பெட்டி கட்டுகிறான், பக்கத்து வீட்டுக்காரன் வலை எடுக்கிறான். கடைசியில் மானம் மரியாதையைப் பார்க்காமல் கூடி நின்று, அவரவருக்கு வந்த காற்று எண்ணைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்கள். குறைந்த எண் வந்தவன் வடக்குக் கோடி, அதிக எண் வந்தவன் தெற்குக் கோடி. நட்ட நடுவில் நிற்கும் ஆளுக்கு வந்த எண் எதுவோ, அதுதான் ஊரின் காற்று. நடு ஆள் சொன்னால் முடிந்தது. அதற்கு மேல் பேச்சு இல்லை. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒன்பது வருடங்களாக அந்த நடு ஆள் சொன்ன எண், என் திரையில் இருந்த மூல எண்ணிலிருந்து இரண்டு மூன்றுக்கு மேல் விலகியதே இல்லை. பயந்தவர்களுக்குக் குறைத்ததும் முரடர்களுக்குக் கூட்டியதும் நடுவில் வந்து கழிந்துவிடுகின்றன.

வடக்குக் கோடியில் தாண்டவன் நின்றான். ஆறடி உயரம், பனைமரம் போல் உடம்பு, கையில் முள் குத்தினால் மயங்கி விழுவான். அவனுக்கு இருபத்திரண்டு என்று வந்திருந்தது. தெற்குக் கோடியில் குப்புராஜ், கையைக் கட்டிக்கொண்டு. அவனுக்குத் தொண்ணூற்றைந்து. நடுவில் வந்து நின்றது என் அண்ணி அஞ்சலாட்சி.

"நாப்பத்தெட்டு," என்றாள் அண்ணி.

என் திரையில் இருந்ததும் நாற்பத்தெட்டுதான்.

"நாப்பத்தெட்டுல நாம கடலுக்கே போயிருக்கோம்," என்று குப்புராஜ் கைகளை அவிழ்த்தான். "ஊரு எங்கயும் போவல. போய் ஆவற வேலையப் பாருங்க." அப்போதுதான் என்னைப் பார்த்தான். "அடடே, தமயா! என்னா திடுதிப்புன்னு? சாப்ட்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும்ண்ணே. எல்லாரையும் கூப்புடு. கெளம்பணும்."

"வரிசை சொல்லிடுச்சே."

"வரிசை சொன்னது சரிதான். காத்து நாப்பத்தெட்டுதான். ஆனா இது காத்தால கொல்ற ஜாதி இல்ல. மழையப் பாருங்க. முப்பத்தெட்டு சென்டிமீட்டரு. எடத்த வுட்டு நவுராம முப்பது மணி நேரம் பேயும். காத்து முன்னாலேர்ந்து அடிச்சு கடல ஏத்தி வெச்சிக்கும், ஆத்துத் தண்ணி கடலுக்குள்ள போவ முடியாம பின்னாலேர்ந்து ஊருக்குள்ள வரும். நீங்க எல்லாரும் கெழக்கப் பாத்து நிக்கிறீங்க. அது மேற்கேர்ந்து வரப் போவுது."

இதுதான் அவர்கள் செய்த பிழை. ஆள் வரிசையில் ஒன்றைத்தான் அளக்க முடியும். கடலுக்குப் போகிறவர்கள் காற்றை அளந்தார்கள். அவர்கள் தாத்தா முப்பாட்டன் எல்லாரையும் கொண்டுபோனது காற்று. அந்தச் செய்தியிலேயே, காற்றுக்கு அடுத்த வரியில், மழையும் வந்திருந்தது. நூற்றறுபது பேரில் ஒருவர்கூட அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

குப்புராஜ் மேற்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவன் முட்டாள் இல்லை. "சரி, மழைக்கும் நின்னு பாத்துடுவோம்," என்றான். "நீயும் நில்லு."

"நான் எதுக்கு? என்னோடது மூல எண்ணு. ஆபீஸ் எண்ணு."

"ஒங்க ஆபீஸ் ஒனக்கு மட்டும் நெசத்தச் சொல்லுமா?" அவன் சிரித்தான். "ஊர்ப் பொண்ணுதானே நீ. நில்லு."

நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி ஜனங்கள் கலைந்து, எண்ணைக் கேட்டுக் கேட்டு முன்னும் பின்னுமாக நகர்ந்தார்கள். "பதினெட்டா நீ? எனக்குப் பின்னால வா." "இருவத்தொண்ணு யாரு?" எனக்கோ ஒவ்வொரு நிமிடமும் முள்மேல் நிற்பதுபோல் இருந்தது. நான் என் எண்ணைச் சொன்னபடி தெற்கே நகர்ந்தேன். நகர்ந்தேன், இன்னும் நகர்ந்தேன். இருபத்தைந்தைத் தாண்டினேன், இருபத்தொன்பதைத் தாண்டினேன். அதற்கப்புறம் எனக்கும் தெற்குக் கோடிக்கும் நடுவில் யாருமே இல்லை, குப்புராஜைத் தவிர. அவனுக்கு நாற்பது. எனக்கு முப்பத்தெட்டு. ஊரிலேயே பெரிய முரடனுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

முதலில் தாண்டவன் சிரித்தான். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. "அண்ணனுக்குத் தப்பாத தங்கச்சி!" என்றது ஒரு குரல். நானும் சிரித்திருப்பேன், காலடியில் மணல் நழுவாமல் இருந்திருந்தால். நாற்பத்தெட்டு சரியாக இருந்ததால்தானே என் திரையை நம்பினேன்? காற்றில் உண்மையைச் சொல்லிவிட்டு மழையில் மட்டும் எனக்குக் கூட்டிச் சொல்லியிருந்தால்? இத்தனை வருடமும் நான் பார்த்த அசல் வானம், எனக்காகச் செய்ததா? அந்த மணலில் நின்றபோது எனக்கு வந்த பயம் மழையைப் பற்றியது இல்லை.

நடு ஆள் இப்போது வேறு ஒருத்தி. "பத்தொம்பது," என்றாள்.

"பத்தொம்பது நாம பாக்காததா?" என்று குப்புராஜ் வரிசையைக் கலைத்தான். "போன கார்த்திகையில இருவது பேஞ்சுது. முட்டிக்கால் தண்ணி. அவ்ளோதான்."

"அது பேஞ்சுட்டுப் போன மழ. இது நிக்கற மழ," என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. நிற்கும் என்பதையும் அதே திரைதானே சொன்னது?

என்னிடம் எண் எதுவும் மிச்சம் இல்லை. அதனால் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊருக்குப் பின்னால் கழிக்கரைக்குப் போனேன். மணி ஒன்றரை. கடல் உள்வாங்கும் வற்ற நேரம். கழி வற்றிச் சேறு தெரிய வேண்டும். சேறு தெரியவில்லை. படகு கட்டும் முளைகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு தலை முழுகியது.

குப்புராஜ் அதைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்தக் கழியில் புழங்கிய ஆள் அவன். வற்றத்தில் தண்ணீர் ஏறினால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முகத்தில் எல்லாம் தெரிந்தது.

"தெரியுது இல்ல?" என்றேன்.

"தெரியுது."

"அப்பறம் என்னா?"

"தமயா, வரிசை ரெண்டு தடவ சொல்லிடுச்சு. இப்ப நான் தலைவன்னு மீறுனா, அடுத்த தடவ எவன் வந்து நிப்பான்? தாண்டவன் ஒரு பக்கம் ஓடுவான், நான் ஒரு பக்கம் கெடப்பேன். ஊரு செதறிப் போயிடும். ஒவ்வொரு ஆளா சேத்து வெச்ச ஊரு இது. ஒரு மழைக்காவ ஒடைக்க மாட்டேன்."

"நாளைக்கு ஒடைக்க ஊரு இருக்காதுண்ணே!"

அவன் திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். ஏலக்கூடத்துக்கு வந்ததும் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. காதில் இருந்த மணியைக் கழற்றி மணலில் எறிந்தேன். கூடத்தின் நடுவில், மீன் கொட்டும் சிமெண்ட் தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் எங்கயும் போவல. நீங்க இருந்தா நானும் இருக்கேன்."

"ஏய், எழுந்திரு."

"எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்க. நீ போயிட்டா நான் எந்த வீட்டுக்கு வந்து அண்ணேன்னு நிக்கறது? எண்ணு பொய்யா இருக்கலாம், ஆபீஸ் பொய்யா இருக்கலாம், எனக்கு ஒண்ணும் தெரியல. பயமா இருக்குண்ணே. அவ்ளோதான் தெரியும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முப்பத்தொன்பது வயதில், நூற்றறுபது பேர் பார்க்க, மூக்கு ஒழுக அழுதேன்.

பிறகு அஞ்சலாட்சி அண்ணி முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"வாக்கப்பட்டுப் போன பொண்ணு பொறந்த ஊருல வந்து உசுர வுட்டா, அந்தப் பழி யாருக்கு? இவ புருசனுக்கு என்னா பதில் சொல்லுவ? வரிசையெல்லாம் நமக்கு. இவ விருந்தாளி. விருந்தாளிய வெச்சிக்கினு பத்தொம்பதா இருவதான்னு பாக்க முடியாது."

நண்டுமேட்டில் வரிசைக்கும் மேலே ஒன்று இருக்கிறது என்றால் அதுதான். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பத்திரமாகப் புருஷன் வீட்டில் சேர்க்க வேண்டியது ஊரின் கடமை. சேர்க்கப் போகிறவன் தலைவன் என்றால் ஊரே கூடப் போகும். குப்புராஜுக்கு மீறாமல் மீற ஒரு வாசல் திறந்தது. அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் கண்ணீருக்கு நடுவிலும் பார்த்தேன்.

"பேருந்தக் கூப்புடுங்க," என்றான். "தங்கச்சியக் கொண்டுபோய் வுடணும். எல்லாரும் ஏறுங்க."

மூன்று மணிக்குள் ஊர் காலி. நாலரைக்கு மழை பிடித்தது. மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஈரத் துணிகளோடு உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் திரை போட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பறவைக்கண் பொறி அனுப்பிய படத்தைக் காட்டினார்கள். நண்டுமேடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர். ஏலக்கூடத்தின் கூரை மட்டும் தெரிந்தது. எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதைத் தெரிந்துகொள்ளும் வழி இப்போது என்னிடம் இல்லை. நூற்று அறுபத்து மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள், அதை மட்டும் நானே எண்ணிப் பார்த்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு என் கைப்பலகையில் வேலை வந்தது. ஒவ்வொரு தாழ்வு மண்டலத்துக்குப் பிறகும் செவிலி தானாக ஒரு பின்னறிக்கை எழுதும். சொல் பதம் பார்க்க அது எனக்கு வரும். வழக்கம்போல் வந்திருந்தது. லீவில் இருக்கிறவளுக்கு அனுப்பக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. முப்பதாவது வரி இப்படி இருந்தது:

"மூன்றாம் நண்டுமேடு. எண் வழி பயன்படாது. ஊர் எண்களை நடுவாக்கிக்கொள்கிறது. உறவு வழி தேர்வு. கருவி: தமயந்தி, தலைவரின் தங்கை, திருமணமாகி வெளியூர் சென்றவர், ஏற்பெண் 31. மழை எண் கூட்டிக் காட்டப்பட்டது. விடுப்பு எளிதாக்கப்பட்டது. எதிர்பார்த்த விளைவு கிட்டியது. மீண்டும் பயன்படுத்தப் பரிந்துரை."

மூன்று முறை படித்தேன். தொழில் புத்தி, 'கருவி' என்ற சொல் சரியில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு கைப்பலகையிலேயே ஜோதிலிங்கம் சாரைக் கூப்பிட்டேன்.

"அது உங்களுக்கு வந்திருக்கக் கூடாதும்மா," என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"உங்களுக்கு லீவ் குடுத்து அனுப்புங்கன்னு எனக்குக் காதுல வந்துச்சு. ஏன்னு வரல. எல்லாரும் உயிரோட இருக்காங்க இல்ல? அப்புறம் என்னம்மா?"

எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்கள். தாண்டவன் மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணி யாருடைய குழந்தைக்கோ தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

குப்புராஜ் இரண்டு தட்டில் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் தெளிந்திருந்தது.

"ஊருல பேசிட்டோம் தமயா. இனிமே வரிசை வேணாம். நம்பரு பாத்து நின்னு என்னா கண்டோம்? நீ வந்தீன்னா கெளம்பிடறோம். நீ வரலன்னா இருந்துக்கறோம். அதான் முடிவு."

சொல்லாமல் இருந்துவிடலாம். அவன் அடுத்த முறையும் கிளம்புவான், அதற்கடுத்த முறையும். உயிர் பிழைக்கும். ஆனால் என்னை எப்போது அனுப்புவது, எவ்வளவு பயமுறுத்தி அனுப்புவது என்பதெல்லாம் இனி என் கையில் இல்லை. என்னைக் கண்டுதான் இந்த ஊர் எழுந்திருக்கும் என்றால், அந்த ஊரை நான் ஏமாற்றிக்கொண்டே இருப்பேன், எனக்கே தெரியாமல்.

கைப்பலகையை அவன் பக்கம் திருப்பினேன். அவன் உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். 'கருவி' என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, மறுபடி படித்தான்.

"வரிசைய வுடாதீங்கண்ணே," என்றேன். "மழைக்கும் நில்லுங்க, காத்துக்கும் நில்லுங்க, நிக்கற நேரத்துக்கும் நில்லுங்க. நான் வந்தா என்னையும் நிக்க வெச்சு எண்ணுங்க. நான் வந்தேன்னு மட்டும் நம்பிக் கெளம்பாதீங்க."

அவன் பலகையைத் திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப நேத்து ஒக்காந்து அழுதியே, அது?"

"அது நெசம்ண்ணே."

"நெசம்னு யாரு சொல்றது? நீயா, அதுவா?"

கோபமாகக் கேட்கவில்லை. காற்று எத்தனை என்று விசாரிப்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் வாயெடுப்பதற்குள் சாதத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்து, "சாப்புடு, ஆறிடப் போவுது," என்றான். நான் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் தன் தட்டைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.